“இருபது வருசமா அடிக்கிறன், எனக்கு ஒண்டும் செய்யேல்லை”: மருந்தடிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் காலபோக (மாரிகால) நெல் வயலுக்குப் பூச்சி, களை மருந்தடிக்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றி ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருந்தேன். காற்றைப் பார்த்து அடியுங்கள், முடிந்ததும் உடுப்பை மாற்றுங்கள், இவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வன்னியின் நாலு மாவட்டங்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள், சிலர் கோபமாக, சிலர் பயந்துபோய். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

“அக்கா, நான் இருபது வருசத்துக்கு மேலா மருந்தடிக்கிறன். சாரத்தை மடிச்சுக் கட்டி, துவாயால மூக்கைச் சுத்திக் கட்டினால் காணும். ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. புதுசா வாற பெடியள்தான் தலை சுத்துது எண்டு வரம்பில குந்துவாங்கள். எங்கட உடம்புக்குப் பழகிட்டுது. குடிச்சால்தானே ஆபத்து? சும்மா சனத்தைப் பயப்படுத்தாதேங்கோ.” (கமக்காரர், முத்தையன்கட்டு)

அண்ணை, உங்கள் அனுபவத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். புதுப் பெடியனுக்குத் தலை சுற்றும்போது உங்களுக்குச் சுற்றாமல் இருக்கலாம், அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தக் காரணம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாங்கள் அடிக்கும் பூச்சிநாசினிகளில் ஒரு பெரிய கூட்டம் ஓகனோபொஸ்பேற்று வகை. புரொபெனோபொஸ், டயசினோன் எல்லாம் அதில் சேர்ந்தவை. நரம்பு தசைக்கு ஒரு கட்டளை அனுப்பினால், வேலை முடிந்ததும் அந்தக் கட்டளையை நிறுத்துவதற்குக் கோலினெஸ்ரேஸ் என்று ஒரு நொதியம் உடம்பில் இருக்கிறது. இந்த மருந்து போய் அதைப் பூட்டிவிடும். பூச்சி சாவது அதனால்தான், மனிதருக்கு வாயூறி, வியர்த்துக் கொட்டி, கண்மணி சுருங்கி, தசை துடிப்பதும் அதனால்தான். பூட்டுப்பட்ட நொதியம் லேசில் திரும்பி வராது. இரத்தத்தின் சிவப்பணுக்களில் இருப்பது நாளுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற வேகத்தில்தான் புதிதாகச் சேரும். ஒரு நாள் அடிப்பில் 20 சதவீதம் குறைந்தால் அது சரிவர மூன்று கிழமை வேண்டும். நீங்களோ அடுத்த கிழமையே அடுத்த வயலுக்கு மெசினைத் தூக்குகிறீர்கள்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது நரம்பும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், வெளியில் குறி காட்டாது. அதைத்தான் பழகிவிட்டது என்கிறோம். துருசு (மதகு) திறந்திருக்கும் குளம் மாதிரி, வயலில் நிற்பவருக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவது மட்டும்தான் தெரியும், குளத்தில் மிச்சம் எவ்வளவு என்று அங்கிருந்து தெரியாது. வழக்கமாக அடிக்கும் அளவையே அடித்துவிட்டு ஒரு நாள் ஆள் விழுவது இதனால்தான்.

குடித்தால்தான் ஆபத்து என்பது அடுத்தது. இதை நீங்கள் மட்டும் எழுதவில்லை, வந்த கடிதங்களில் பாதியில் இதே வசனம் இருக்கிறது. 2017இல் இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் யவத்மால் என்ற மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 20 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் வேலைக்குப் போய் மருந்தடித்தவர்கள், குடித்தவர்கள் இல்லை. மருந்தடிக்கும்போது உடம்புக்குள் போவதில் பெரும்பங்கு தோலால் போகிறது, மூக்கால் போவது அதைவிடக் குறைவு. அதிலும் எல்லாத் தோலும் ஒன்றில்லை. 1971இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பரத்தியோன் என்ற மருந்தை உடம்பின் பல இடங்களில் தடவிப் பார்த்தார்கள். முன்கையில் தடவியதில் 9 சதவீதம் அளவில்தான் உள்ளே போனது, நெற்றியில் 36 சதவீதம், விதைப்பைத் தோலில் கிட்டத்தட்ட முழுவதும். இப்போது உங்கள் உடுப்பை நினைத்துப் பாருங்கள். முதுகில் இருக்கும் டாங்கி ஒழுகி, சாரம் நனைந்து, அடித்த பயிருக்குள்ளேயே நடந்து தொடையும் நனைந்து, அந்த ஈரச் சாரம் மத்தியானம் வரை அரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நீங்களோ மூக்கைக் கட்டியிருக்கிறீர்கள். அந்தத் துவாயும் நனைந்த பிறகு மருந்தை வாயோடு பிடித்து வைத்திருக்கிற துணிதான்.

இந்த வெயிலில் றப்பர் உடுப்புப் போட்டு யாராலும் நிற்க முடியாது, அது எனக்கும் தெரியும். படத்தில் இருக்கிற மாதிரி உடுத்தச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மாசிப் பங்குனி வெயிலில் ஒரு ஏக்கர் அடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாம் முடியாது என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் விடலாமா? மருந்து கலக்குகிற அந்த ஐந்து நிமிசத்துக்குக் கையுறை போடுங்கள், ஏனென்றால் தண்ணீர் சேராத மருந்து கையில் படுவதுதான் முழு நாளிலும் மோசமான நேரம். சாரத்துக்குப் பதிலாக ஒரு பழைய நீளக் காற்சட்டை, நீளக்கைச் சேர்ட். ஒழுகுகிற மெசினைத் திருத்தாமல் தோளில் போடாதீர்கள். வெயில் ஏற முன்னம் அடித்து முடித்து, வீட்டுக்குப் போகும்வரை காத்திராமல் அங்கேயே உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். இதில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கடைசியாகச் சொன்னதைச் செய்யுங்கள்.

“நாங்கள் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து மிளகாய் ஆயவும் புல்லுப் பிடுங்கவும் கூலிக்குப் போறனாங்கள். காலமை மருந்தடிச்ச தோட்டத்துக்குப் பின்னேரம் வரச் சொல்லுவினம். கை எரியும், தலையிடிக்கும். கேட்டால் வெயில் எண்டு சொல்லுவினம். எங்களோட வாற ஒரு பிள்ளைக்கு இப்ப மூண்டு மாசம். நாங்கள் மருந்தடிக்கேல்லைத்தானே, பயப்பட வேணுமோ?” (கூலித் தொழிலாளி, விசுவமடு)

தங்கச்சி, முதலில் அந்தப் பிள்ளையை நாளைக்கே அந்த வேலையில் இருந்து நிறுத்துங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் மருந்தடித்த பயிருக்குள் போகக் கூடாது, மருந்தடித்தவரின் உடுப்பைத் தோய்க்கவும் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது இந்த வேலை செய்தவர் என்பதை மிட்வைபிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டுமா என்றால், ஆம். மருந்தடிப்பவருக்குத் தான் என்ன அடிக்கிறேன் என்றாவது தெரியும், நீங்கள் எதற்குள் கைவைக்கிறீர்கள் என்றுகூடத் தெரியாமல் வைக்கிறீர்கள். இலையில் படிந்தது காய்ந்த பிறகும் போய்விடுவதில்லை. பனி ஈரமும் வியர்வையும் பட்டால் திரும்பக் கைக்கு வரும், அந்தக் கையால்தான் வெற்றிலை மடிப்பதும் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதும். வெயிலுக்கும் தலையிடி வரும்தான். ஆனால் தலையிடியோடு கை எரிவு, கண் மங்கல், வாயூறுதல், வயிற்றுப் பிரட்டு சேர்ந்து வந்தால் அதை வெயில் என்று தள்ளிவிட முடியாது. அதுவும் மருந்தடித்த நாட்களில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள், உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

அடித்த தோட்டத்துக்குள் எத்தனை மணித்தியாலம் போகக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். சில நாடுகளில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், 12 மணி, 24 மணி, 48 மணி என்று. உங்களுக்கு லேபலைக் காட்ட மாட்டார்கள் என்றால், குறைந்தது அடுத்த நாள் வரைக்கும் போகாதீர்கள். போனால் நீளக்கைச் சட்டை போட்டு, சாப்பிட முன்னம் சவர்க்காரத்தால் கை கழுவி, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்க முன்னம் குளித்து, அந்த உடுப்பை வேறாகத் தோய்த்து வெயிலில் போடுங்கள்.

நான் எழுதிவிடுவேன், ‘இண்டைக்கு வரமாட்டம்’ என்று சொல்வது உங்களுக்கு லேசில்லை. நாள் கூலியில் வீட்டை ஓட்டுகிற பெண்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், போருக்குப் பிறகு தனியே நின்று பிள்ளைகளை வளர்ப்பவர்கள்தான் அதில் கனபேர். ஆகவே இதைத் தோட்டக்காரருக்கே சொல்கிறேன். உங்கள் தோட்டத்தில் எப்போது என்ன அடித்தீர்கள் என்று வேலைக்கு வருகிறவருக்குச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. அடிக்கிற நாளையும் ஆய்கிற நாளையும் தள்ளிப் போடுங்கள், வரம்பில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சவர்க்காரக் கட்டியும் வையுங்கள். காலையில் அடித்து மாலையில் ஆய்ந்த மிளகாய் அடுத்த நாள் சந்தைக்கு வருகிறது, அதை வாங்கிப் போய்ச் சமைக்கிற வீட்டையும் யோசியுங்கள். கடைசி அடிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அந்த லேபலில்தான் இருக்கிறது.

“மருந்தடிச்சிட்டு வந்து பசுப்பால் குடிச்சால் நஞ்சு முறியும் எண்டு அப்பா சொல்லுவார். சில ஆக்கள் அடிக்க முன்னம் தேங்காயெண்ணெய் பூசுவினம். சரியோ?” (மாணவி, மல்லாவி)

இரண்டும் சரியில்லை. தோலால் இரத்தத்துக்குள் போனதை வயிற்றில் இருக்கிற பால் ஒன்றும் செய்யாது. இளநீர், தேசிக்காய், புளிக்கரைசல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பல மருந்துகள் எண்ணெயில் கரைபவை, பூசிய எண்ணெய் அவற்றைத் தடுக்காது, தோலோடு பிடித்துத்தான் வைக்கும்.

யாருக்காவது நஞ்சு ஏறியது போல இருந்தால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வரும்வரை ஈர உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் தன் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தி எடுக்க வைக்காதீர்கள். பல மருந்துகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்தவை, சத்தியோடு அது சுவாசப்பைக்குள் போனால் வேறு ஆபத்து. மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போத்தலை, குறைந்தது லேபலையாவது, கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் முறிமருந்தான அத்ரோப்பீன் கொடுப்பதா வேறு ஏதாவதா என்று வைத்தியர் கெதியாக முடிவெடுப்பார். தம்பி தங்கச்சிமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

“மணம் கூடின மருந்துதான் கெடுதி, இப்ப வாறது மணமே இல்லை. அதோட களைநாசினி புல்லுக்குத்தானே, ஒரு எறும்பைக்கூடக் கொல்லாது.” (கமக்காரர், நெடுங்கேணி)

மணத்தை வைத்து நஞ்சை அளக்க முடியாது. மூக்கில் ஏறுவது பல நேரம் கரைப்பானின் மணம், அல்லது எச்சரிக்கைக்காகவே சேர்த்த மணம். மணமில்லாமல் ஆளை முடிக்கிறதும் இருக்கிறது.

களைநாசினி பற்றி எழுதியதற்கு ஒரே பெயர் போதும்: பரகுவாட். அதுவும் புல்லுக்கு அடித்ததுதான். உள்ளே போனால் சுவாசப்பையைக் கட்டிப்போடும், முறிக்க மருந்து கிடையாது. இலங்கையில் 2008இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தினார்கள். கடலுக்கு அப்பால் இந்தியாவில் அது கடையில் இருக்கிறது. மன்னார், கற்பிட்டிப் பக்கம் கள்ளமாக வந்த விவசாய மருந்தைக் கடற்படை பிடித்தது என்று அடிக்கடி செய்தி வாசிக்கிறோமே, அப்படி வருகிற போத்தலை மலிவு என்று வாங்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இங்கே பதிவு செய்த மருந்தைத்தான் விற்கலாம்.

போத்தலின் அடியில் இருக்கும் நிறப் பட்டையைப் பாருங்கள். சிவப்பு கடும் நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டு போகும். ஆனால் ஒன்று, அந்த நிறம் உடனே ஆளை வீழ்த்துமா என்பதை மட்டும்தான் சொல்கிறது. வருசக்கணக்காக உடம்பில் படுவது என்ன செய்யும் என்பதற்கு அதில் பதில் இல்லை, ஆகவே பச்சையைப் பார்த்துவிட்டு வெறுங்கையால் கலக்காதீர்கள்.

“டாங்கிக் கணக்கில கூலிக்கு அடிக்கிறனான். கடைக்காரர் மூண்டு போத்தலைத் தந்து ஒண்டாக் கலந்து அடி எண்டுவார். லேபலில இருக்கிற அளவு காணாது எண்டு வயல்காரர் கூடப் போடச் சொல்லுவார். நான் என்ன செய்ய?” (இளைஞர், பரந்தன்)

தம்பி, இதில் நட்டப்படுவது நீங்கள் மட்டுமில்லை, வயல்காரரும்தான். மூன்று போத்தலுக்கும் மூன்று பெயர் இருக்கும், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள செயற்படு பொருளை, அதாவது உண்மையில் பூச்சியைக் கொல்கிற நஞ்சின் பெயரை, பார்த்தால் இரண்டில் ஒரே நஞ்சு இருப்பது தெரியவரலாம். அப்போது உங்கள் தோளில் இருப்பது இரட்டிப்பு அளவு.

கூடப் போட்டால் கூடப் பூச்சி சாகும் என்பதும் நெல்லில் சரிவராது. நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற கபிலத் தத்திப் பூச்சியைப் பிடித்துத் தின்கிற சிலந்திகளும் வண்டுகளும் வயலில் இருக்கின்றன. கண்டபடி அடித்தால் முதலில் சாவது அவை, தத்தி திரும்பப் பெருகும். இந்தோனேசியாவில் இதைப் பட்டுத் தெரிந்து, 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிநாசினிகளை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். அதற்காக நெல் விளைச்சல் விழவில்லை. உங்கள் வயல்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், உடம்புக்குக் கூடாது என்று சொல்வதைவிட இது அவர் காதில் ஏறும்.

2021இல் மருந்தும் இரசாயன உரமும் இறக்குமதி செய்வது ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, பயிர் போய், பிறகு விலை ஏறி, எல்லாரும் பட்ட பாட்டுக்குப் பிறகு வயல்காரர்கள் பயந்து முந்திக்கொண்டு கூட அடிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. அந்தப் பயத்துக்குக் கடைக்காரரிடம் போவதைவிட உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அடியுங்கள். அப்புறம் ஒன்று, அடைத்த நொசிலை வாயால் ஊதுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விடுங்கள். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷைப் பொக்கற்றில் வையுங்கள், காணும்.

“எங்கட ஊரில கிட்னி வருத்தக்காரர் கூடிக்கொண்டு போகினம். மருந்தாலதான் எண்டு ஆக்கள் சொல்லினம், உண்மையோ?” (செட்டிகுளம்)

காரணம் தெரியாத இந்தச் சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் நோயாளிகள் இருக்கிறார்கள். கிளைபோசேட் என்ற களைநாசினிதான் காரணம் என்ற பேச்சில் 2015இல் அதைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டுக்கொடுத்தார்கள், 2022இல் தடையை எடுத்தார்கள். விஞ்ஞானிகள் ஒரே காரணத்தில் இன்னும் உடன்படவில்லை. கடினத் தன்மையும் புளோரைட்டும் கூடிய நிலத்தடி நீர், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்யும் வேலை, விவசாய மருந்து என்று பலதையும் பார்க்கிறார்கள். மருந்து மட்டும்தான் என்று நான் எழுத மாட்டேன், மருந்துக்குப் பங்கில்லை என்றும் எழுத மாட்டேன். மெசினைக் கிணற்றடியில் கழுவாதீர்கள், வேலை நேரத்தில் நல்ல தண்ணீர் குடியுங்கள், உடம்பு உளைவுக்கு வைத்தியர் சொல்லாமல் டைக்குளோபினாக் போன்ற குளிசைகளைப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், அவை சிறுநீரகத்தைக் கெடுப்பது நிச்சயமாகத் தெரிந்த விசயம். வருத்தம் முற்றும்வரை குறி காட்டாது. ஆகவே வயல் வேலை செய்கிறவர்கள் வருசத்துக்கு ஒருக்கா சலமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினினை இரத்தத்திலும் சோதித்துக் கொள்ளுங்கள்.

“அவர் மிச்ச மருந்தை வீட்டுக்குள்ள, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில வைக்கிறார். வெளியில வைச்சால் களவு போயிடுமாம். எனக்கு நித்திரையே வருகுதில்லை.” (குடும்பப் பெண், கட்டுக்கரைக் குளத்தடி)

உங்கள் பயம் நியாயம். சின்னப் பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த நாட்டில் 1995 அளவில் தற்கொலை உச்சத்தில் நின்றது, மிக நஞ்சான மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகுதான் அது பெரிதும் இறங்கியது. ஒரு கோபத்தில், ஒரு வேதனையில், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதில்தான் எத்தனையோ உயிர் போனது. பூட்டுப் பெட்டி போதும் என்பார்கள். அனுராதபுரத்தில் 50,000க்கு மேற்பட்ட வீடுகளில் பெட்டி கொடுத்தும் கொடுக்காமலும் ஆய்வு செய்து பார்த்தார்கள், பெட்டியால் நஞ்சருந்துவது குறைந்ததாகத் தெரியவில்லை. பெட்டி சின்னப் பிள்ளைகளைக் காக்கும், அதற்காக வையுங்கள், முழுக்க நம்பி இருக்காதீர்கள். வீட்டுக்கே வராமல் பார்ப்பதுதான் நல்லது. பெரிய போத்தல் மலிவென்று வாங்காமல் அந்த அடிப்புக்குத் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள், மிஞ்சினால் பக்கத்து வயல்காரரோடு பங்கு போட்டு அன்றைக்கே முடிக்கலாம். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால் மனநல உதவி இலக்கமான 1926க்கு அடித்துப் பேசலாம்.

வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரையும் டாங்கிக்குள்ளேயே ஊற்றி அடித்துவிட்டு, போத்தலில் ஓட்டை போட்டு விடுங்கள். ஓட்டை போடாத போத்தல் எப்படியோ மண்ணெண்ணெய்ப் போத்தலாகவோ தண்ணீர்ப் போத்தலாகவோ குசினிக்குள் வந்துவிடும். குளத்துக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ எறிய வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.